மூடியில் மிஞ்சிய வாஷர்

என் அப்பாவுக்கு விழுப்புரம் ரயிலடியில் வாடகை சைக்கிள் கடை. பதினாலு சைக்கிள், ஒவ்வொன்றின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நின்ற மறுநாளே கடையில் உட்கார்ந்துவிட்டேன். பஞ்சர் ஒட்டுவது, செயின் மாட்டுவது, கோணிப்போன சக்கரத்தை நிமிர்த்துவது, எல்லாம் பதிமூன்று வயதுக்குள் கைக்கு வந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நட்டைத் தொட்டால் அதற்கு எத்தனாம் நம்பர் ஸ்பேனர் என்று சொல்வேன்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. கழற்றுகிற நட்டு, போல்ட், வாஷர் எதையும் தரையில் வைக்கக் கூடாது. கிரீஸ் டப்பாவின் மூடியை மல்லாத்தி வைத்து அதில்தான் போட வேண்டும். வேலை முடிந்ததும் அப்பா சைக்கிளைப் பார்க்க மாட்டார், மூடியைப் பார்ப்பார். மூடி காலியாக இருந்தால் வண்டி வெளியே போகலாம். ஒரே ஒரு வாஷர் கிடந்தாலும் போகக் கூடாது. வாடகைக்கு வந்தவர் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று வாசலில் நின்று கத்தினாலும் அப்பா மறுபடி முதலிலிருந்து கழற்றச் சொல்வார்.

இந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். அது விழுப்புரத்தில் நடக்கவில்லை. நியூ ஜெர்சியில் நடந்தது.

என் வீட்டுக்காரர் லேத் வேலைக்காரர். எண்பதுகளின் ஆரம்பத்தில் அவருக்கு அங்கே ஒரு மிஷின் ஷாப்பில் வேலை கிடைத்துப் போனோம். பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மெண்ட். சுற்றிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களில் ஆண்கள் எல்லாம் இன்ஜினியர், டாக்டர். பெண்களும் பி.ஏ., எம்.எஸ்ஸி. என்று ஆளுக்கொரு பட்டம் வைத்திருந்தார்கள். நான் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு மூடி போடுகிற வரிசையில் நின்றேன். யாரும் என்னைத் தாழ்வாகப் பேசியதில்லை. பேச நான் இடம் கொடுத்ததும் இல்லை. புடவையை நறுவிசாகக் கட்டிக்கொண்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு, யார் வீட்டுக்குப் போனாலும் தலையை நிமிர்த்தித்தான் போவேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது என்பது என் வீட்டுக்காரருக்கும் இன்னொருத்திக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த இன்னொருத்தி கீழ்வீட்டுக்காரி. ஊரில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். வயதில் எனக்கு ஐந்து வருஷம் இளையவள், படிப்பில் மலையளவு பெரியவள். அதனால் கூப்பிடுவது 'டீச்சர்', பேசுவது 'வா, போ'. கம்பெனியிலிருந்து வருகிற கடிதம், குழந்தைகள் பள்ளியிலிருந்து வருகிற தாள், எல்லாவற்றையும் அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். பாரம் நிரப்பித் தருவாள். கையெழுத்து போடுகிற இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துத் தருவாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட இதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லாமல் இருந்தது மட்டும் இல்லை, காப்பாற்றியும் இருக்கிறாள். எங்களில் ஒரு டாக்டரை நான் தம்பி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் அந்த டாக்டர் தம்பி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். டாக்டரின் மனைவி ஏதோ கேக் செய்கிற குறிப்பை என் கையில் கொடுத்து, "நான் கலக்குறேன், நீங்க வாசிங்க அக்கா," என்றாள். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீச்சர் எட்டி அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "புதுக் கண்ணாடி போட்டிருக்கேன், நான் வாசிக்கலேன்னா எதுக்கு இத்தனை காசு," என்று சொல்லிச் சத்தமாக வாசித்தாள். அன்றைக்கு அந்தக் கேக்கைப் பாதி தின்று வைத்துவிட்டேன். அவளுக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

செய்தது சைக்கிள்தான். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது ஒரு சைக்கிளை வாங்கி, துருவெல்லாம் தேய்த்து, கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். முப்பத்து மூன்று வயதில் கற்றுக்கொண்டாள். டீச்சரின் கணவரை நான் சார் என்பேன், இன்ஜினியர். கேலிக்காரர். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, ஆம்புலன்ஸுக்கு இப்போதே சொல்லிவைக்கட்டுமா என்று கேட்பார். அவள் விழுவாள், தட்டிக்கொண்டு எழுந்து சிரிப்பாள், மறுபடி ஏறுவாள். ஒரு மாதத்தில் கையை விட்டுக் கொண்டையைச் சரிசெய்துகொண்டே ஓட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

இது சும்மா விளையாட்டுக்குக் கற்றுக்கொண்டதில்லை. டவுன் லைப்ரரியில் அவளுக்கு ஒரு வேலை வந்திருந்தது. ஜூன் மாதம் இரண்டாவது வாரம் சேர வேண்டும். வீட்டிலிருந்து மூன்று மைல். பஸ் கிடையாது. வீட்டில் ஒரே கார், அது சாரோடு ஆபீஸ் போய்விடும். டிரைவிங் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. சைக்கிளில் போய்க்கொள்கிறேன் என்றால், லாரி போகிற ரோட்டில் இவளை விட முடியாது என்று சார் ஒரே பிடியாக நின்றார். அவருக்குப் பயமும் இருந்தது, அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் டாக்டர் தம்பி ஒரு யோசனை கொண்டுவந்தார். ஏதோ பத்திரிகையில் படம் பார்த்தாராம். சைக்கிளிலேயே கூடாரம், சோறு, போர்வை எல்லாம் கட்டிக்கொண்டு மலைக்காட்டு மண்பாதையில் இரண்டு நாள் ஓட்டுவது. மே மாதக் கடைசியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வருகிறது, டெலவேர் ஆற்றுப் பக்கம் மலை இருக்கிறது, மூன்று ஜோடியாகப் போகலாம் என்றார். சார் சிரித்துக்கொண்டே டீச்சரைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் மூட்டையோட மலையில ஓட்டிட்டு விழாம திரும்பி வந்துடு. லைப்ரரிக்கு நானே பின்னாடி நின்னு தள்ளி விடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?" என்றாள் அவள்.

"டாக்டர் சாட்சி, அக்கா சாட்சி," என்றார் சார்.

நான் சாட்சி. அதை எழுதும்போதே கை கூசுகிறது.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஆறு சைக்கிளுக்கும் கேரியர் மாட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கார் நிறுத்துகிற இடத்தில் பழைய போர்வையை விரித்து, பக்கத்தில் ஊறுகாய் பாட்டில் மூடியை மல்லாத்தி வைத்து உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சார் காபியோடு வந்து நின்றார்.

"நாங்க நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு என்ன புண்ணியம்? மெக்கானிக் அக்கா கையைப் பாருங்கய்யா. தப்பே வராத கை."

எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். பட்டம் வாங்கியவர்கள் பத்துப் பதினைந்து பேர் நிற்க, நடுவில் நான் உட்கார்ந்து வேலை செய்கிறேன். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேகம் கூடிவிட்டது. பார்க்கிறார்கள் என்றால் கை தானாக வேகமாகப் போகும். டீச்சரின் சைக்கிளைக் கடைசியாக முடித்தேன். சார் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தினார். டீச்சர் பையையும் கூடாரத்தையும் கேரியரில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

நான் மூடியைப் பார்த்தேன். அதில் ஒரு ஸ்பிரிங் வாஷர் கிடந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது விரல் நகத்தளவு இருக்கும். வட்டமாக இருக்கும், ஒரு இடத்தில் வெட்டுப்பட்டு லேசாக முறுக்கியிருக்கும். நட்டுக்கு அடியில் போட்டால், வண்டி எவ்வளவு குலுங்கினாலும் நட்டு தளராமல் பிடித்துக்கொள்ளும். போடாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. குலுங்கக் குலுங்கத்தான் நட்டு தானே சுற்றிக்கொண்டு வெளியே வரும். கேரியர் சக்கரத்தின் இரண்டு பக்கமும் காலூன்றி நிற்கிற சாமான். ஒரு கால் கழன்றால் நேராகச் சக்கரத்துக்குள்தான் போகும்.

கடைசியாக முடுக்கியது டீச்சரின் சைக்கிளில் கேரியரின் இடது கால், அதனால் வாஷர் அதனுடையதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுந்துபோய், மூட்டையை அவிழ்த்து, கழற்றி மாட்ட கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால் கழற்ற வேண்டும். சார் ஏதாவது சொல்வார். தப்பே வராத கை என்று சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் வாஷரை எடுத்து ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் யாரும் எழுவதற்கு முன்னால் வந்து போட்டுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் நான் கீழே வந்தபோது டாக்டர் தம்பி ஆறு சைக்கிளையும் வேனில் ஏற்றிவிட்டிருந்தார்.

பிள்ளைகளை ஐசலின் என்ற ஊரில் ஒரு சிநேகிதக் குடும்பத்திடம் விட்டுவிட்டுப் போனோம். மலை வரும்போதே வானம் கறுத்திருந்தது. வேனை ஒரு இடத்தில் நிறுத்தி சைக்கிளில் ஏறிய அரை மணியில் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை மாதிரி கொட்டிவிட்டு ஓய்கிற மழை இல்லை. சலித்த மாவு மாதிரி விடாமல் இறங்குகிற மழை. பாதை முழுவதும் சிவப்பும் கறுப்புமாகச் சேறு. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சேறு அடைத்துக்கொண்டு வண்டி நகராது. குச்சியை விட்டு நோண்டி எடுத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். புடவை கட்டி ஓட்ட முடியாது என்று நானும் என் வீட்டுக்காரரின் பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அது தொடை வரை சேறாகி, காய்ந்த மண் மாதிரி விறைத்துக்கொண்டது.

"டாக்டர் தம்பி, நீங்க பாத்த படத்துல வெயில் அடிச்சுதா?" என்று கேட்டேன்.

"அது வேற சீசன்ல எடுத்த படம்க்கா," என்றார் அவர், மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட.

சார் இந்தச் சேற்றில் நாற்று நட்டால் மூன்று போகம் எடுக்கலாம் என்றார். எடுத்துப்போன எலுமிச்சை சாதத்தில் மழைத்தண்ணீர் இறங்கிக் கஞ்சியாகிவிட்டது. டாக்டரின் மனைவி அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாரும் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் வந்தார். இறங்காமல் ஓட்டியவள் டீச்சர் ஒருத்தி. உதட்டைக் கடித்துக்கொண்டு, சேறு முகமெல்லாம் தெறிக்க, மெல்ல மெல்ல ஓட்டினாள். நான் பின்னாலேயே போனேன். என் கண் அவள் முதுகில் இல்லை, கேரியரின் இடது காலில்தான் இருந்தது.

கூடாரம் போட்ட இடத்தில் நான் விறகு பொறுக்குகிற சாக்கில் அவள் சைக்கிளிடம் போனேன். நட்டின் மேல் ஒரு கை சேறு அப்பியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. ஸ்பேனர் என் பையில் இருந்தது, வாஷர் ஸ்வெட்டரில் இருந்தது. எடுத்துவரப் பத்தடி நடக்க வேண்டும். அதற்குள் டீச்சர் வந்துவிட்டாள்.

"என்னக்கா, என் வண்டிக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. சேறு தட்டினேன்."

"நல்லா ஓட்டுறேனாக்கா?"

"உன்னை மாதிரி யாரும் ஓட்டல டீச்சர்."

அது உண்மைதான். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் ஒரு பகல் போனால் லைப்ரரி. இவ்வளவு தூரம் பிடித்த நட்டு இன்னும் கொஞ்சம் பிடிக்காதா என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் தெரிகிறது. பிடித்துக்கொண்டிருந்தது அப்பி இறுகிய சேறு.

மறுநாளும் மழை. திரும்புகிற வழி முழுக்க இறக்கம், கல்லும் வேரும். வண்டி தடதடவென்று குதிக்கும். சார் எல்லோருக்கும் முன்னால் கிளம்பி இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். டீச்சர் அவரைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது மணியை அடித்தாள், இரண்டு தடவை. சார்கூடச் சிரித்துவிட்டார். அந்த மணிச் சத்தம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அடுத்த சத்தம் கம்பி உடைகிற சத்தம். கேரியரின் கால் சக்கரத்துக்குள் போய்விட்டது. பின்சக்கரம் அப்படியே நின்றது. மூட்டையோடு சேர்ந்து சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள்.

டாக்டர் தம்பி ஓடிவந்து கையைப் பார்த்தார். மணிக்கட்டு உடைந்திருக்கிறது என்றார். இரண்டு கூடாரக் குச்சியை வைத்து என் துண்டைக் கிழித்துக் கட்டினார். அவள் அழவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடி, "நான் ஒண்ணும் பண்ணலையே, நேராத்தானே போனேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என் வீட்டுக்காரர் இன்னும் மேலே, டாக்டர் மனைவியின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"இறக்கத்துல முன் பிரேக்கைப் பிடிச்சிருப்பா," என்றார் சார். கோபமா பயமா தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களே சொல்லுங்க. வண்டியில கோளாறா, ஓட்டினதுல கோளாறா?"

டாக்டர் தம்பியும் என்னைப் பார்த்தார். டீச்சரும் பார்த்தாள். நான் குனிந்து பார்த்தேன். இடது பக்கத்து போல்ட் இல்லை. ஓட்டை காலியாக இருந்தது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு எதுவும் இல்லை. வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். படிக்காதவள் என்று தெரியாமல் மூன்று வருஷம் மூடிவைத்து, அந்தக் கூட்டத்தில் நான் தலை நிமிர்ந்து நின்றது இந்தக் கை ஒன்றை வைத்துத்தான். அதுவும் போய்விட்டால் என்னிடம் என்ன இருக்கிறது என்று தோன்றியது. அவளிடம் என்ன இருக்கிறது என்று அந்த நிமிஷம் தோன்றவில்லை.

"சேத்துல முன் பிரேக்கைத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்," என்றேன். "கேரியர் விழுந்த வேகத்துல கழண்டிருக்கு."

டீச்சர் என்னையே பார்த்தாள்.

"நான் பிடிக்கலக்கா," என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "பிடிச்சிருப்பேனோ என்னமோ," என்றாள்.

அவள் கை உடைந்ததைவிட இந்த இரண்டாவது பேச்சுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

சைக்கிளை வேன் வரைக்கும் உருட்ட வேண்டுமே. நான் கம்பியால் கேரியரைக் கட்டி, கோணிய சக்கரத்தைக் காலால் மிதித்து நிமிர்த்தித் தந்தேன். சார் எனக்கு நன்றி சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியில் என் வீட்டுக்காரர் தணிந்த குரலில் கேட்டார், "ஸ்பிரிங் வாஷர் போட்டியா?" என்று. லேத்தில் நிற்கிற ஆள், அவருக்கு அந்த ஓட்டையைப் பார்த்ததும் பட்டிருக்கும். போட்டேன் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஜூன் மாதம் லைப்ரரியில் வேறொருத்தி சேர்ந்தாள். டீச்சர் மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தாள். அந்த நாட்களில் என் கம்பெனியிலிருந்து ஒரு பாரம் வந்தது. கொண்டுபோகவே எனக்குக் கூச்சம். வீட்டுக்காரர் இரவு ஷிஃப்ட். வேறு வழியில்லாமல் போனேன். அவள் வலது கையைக் காட்டிச் சிரித்தாள். "இன்னிக்கு நீங்கதான் எழுதணும்," என்று சொல்லி, பேனாவை என் கையில் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் இடது கை விரலால் மேஜையில் வரைந்து காட்டினாள். என் பெயரை இங்கிலீஷில் நான் முதன்முதலில் எழுதியது அன்றைக்குத்தான். முடித்ததும் கை தட்டப் பார்த்தாள், கட்டு இடித்து வலித்து நிறுத்திக்கொண்டாள். ஸ்வெட்டர் பையில் வாஷர் இருந்தது. சொல்லிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கட்டு பிரித்த பிறகும் அவள் சைக்கிளில் ஏறவில்லை. ஏறு, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். "எனக்கு வராதுக்கா, விடுங்க," என்றாள். எங்கே கூடினாலும் சார் இந்தக் கதையை எடுத்துவிடுவார். மணி அடித்துக்கொண்டு என்னைத் தாண்டினாள், பத்தடியில் பூமிக்கு முத்தம் கொடுத்தாள் என்று நடித்துக் காட்டுவார். சிரிப்பு பிய்த்துக்கொண்டு போகும். டீச்சரும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

மூன்று வருஷம் இப்படியே போனது. எண்பதுகள் முடிகிற சமயம் சாருக்கு டெக்சாஸில், ரவுண்ட் ராக் பக்கம், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்கிற அன்று காலை என் வீட்டுக்காரர் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். நான் வாசலில் நின்றேன். டீச்சர் அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். கேரியரில் நான் கட்டிய கம்பி அப்படியே துருப்பிடித்துக் கிடந்தது.

"நீங்க வச்சுக்கோங்கக்கா. எனக்கெதுக்கு? உங்க கையில இருந்தா ஓடும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் உள்ளே போய் வாஷரை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது என்னக்கா?"

"உன் கேரியர்ல போட்டிருக்கணும். நான் போடல. மறந்துட்டேன், அப்புறம் தெரிஞ்சும் போடல. அதனாலதான் கழண்டுது. நீ பிரேக்கைப் பிடிக்கல."

அவள் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் பிடிக்கல," என்றாள் கடைசியில்.

"பிடிக்கல."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த சாரைக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. அக்கா ஒண்ணு சொல்றாங்க. கேளுங்க."

சார் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன், ஒன்றையும் விடாமல். மூடியில் பார்த்தது, பையில் போட்டது, காட்டில் தொட்டுப் பார்த்தது, பொய் சொன்னது. சார் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்பு.

"அக்கா, ஊரை விட்டுப் போறாளேன்னு அவ மனசைத் தேத்துறீங்க. புரியுது. உங்க கை தப்புமா? நான் பக்கத்துல நின்னு பாத்தவன்க்கா."

"இல்ல சார், சத்தியமா."

"அன்னிக்கு அத்தனை சேத்துல நின்னு நீங்க ஒரு பேச்சு சொன்னீங்க. அதுதான் சரி. இப்போ அவளுக்காகப் பழியை நீங்க ஏத்துக்க வேணாம்."

இன்னும் ஒரு தடவை சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுக் கயிறு கட்டப் போய்விட்டார். டீச்சர் என் பக்கத்தில் நின்றாள். கை மூடியிருந்தது, உள்ளே வாஷர்.

"உங்களை அவர் நம்புறாருக்கா," என்றாள். "அன்னிக்கும் நம்பினாரு."

அவ்வளவுதான் சொன்னாள். காரில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கவில்லை. வாஷரைத் திருப்பித் தரவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ரவுண்ட் ராக்கிலிருந்து வந்த ஒருத்தர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். டீச்சர் காசு கட்டி டிரைவிங் கற்றுக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போகிறாளாம். கேட்டு எனக்குப் பாதி உயிர் வந்தது. அவரே பிறகு சொன்னார், சார் அங்கேயும் எல்லா விருந்திலும் அந்தச் சைக்கிள் கதையைச் சொல்கிறாராம். இப்போது அதற்கு ஒரு வால் முளைத்திருக்கிறதாம். நியூ ஜெர்சியில் ஒரு மெக்கானிக் அக்கா இருந்தாங்க, சிநேகிதி மனசு நோகக் கூடாதுன்னு செய்யாத தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க, அந்த மாதிரி மனுஷி கிடையாது என்று முடிப்பாராம்.

"அது நீங்கதானே?" என்று கேட்டார் வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, மரியாதையோடு.

நான் இல்லையென்று சொன்னேன். மூடியிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று சார் முன்னாலேயே சொன்னார், அது சரியாகத்தான் இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் மட்டும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.